பைத்தியம்னு சொல்லி தனியா ரயில் ஏத்தி விடாதீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல அடிக்கடி ஒரு செய்தி வரும், உள்பக்கத்துல கீழ, நாலே வரி. "ரயிலில் அடிபட்டு வடமாநில வாலிபர் பலி, சுமார் 30 வயது மதிக்கத்தக்கவர், நீல நிற சட்டை அணிந்திருந்தார், ரயில்வே போலீசார் விசாரணை." மறுநாள் அதுக்கு தொடர்ச்சின்னு எதுவும் வராது. நானும் பல வருஷம் அத படிச்சிட்டு அப்படியே அடுத்த பக்கம் திருப்பினவன்தான். இப்ப திருப்ப முடியல, ஏன்னு சொல்லத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் பெருசா போகும், வேணும்னா வெட்டிக்கோங்க, ஆனா நடுவுல வர்ற ரயில் விஷயத்த மட்டும் வெட்டாதீங்க.

எனக்கு ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் செல்போன் கடை. ரீசார்ஜ், சிம், சார்ஜர், டெம்பர் கிளாஸ், ஊருக்கு பணம் அனுப்பறது. ராணிப்பேட்டை 2019ல தனி மாவட்டமா ஆயிடுச்சு, ஆனா வாய்ல இன்னும் வேலூர் மாவட்டம்னுதான் வருது, எங்கப்பா கடைசி வரைக்கும் வடாற்காடுன்னே சொல்லிட்டு போனாரு. கடைக்கு வர்றவங்கள்ல பாதிக்கு மேல வடநாட்டு பசங்க. பீகார், ஜார்க்கண்ட், ஒரிசா, பெங்கால், கொஞ்சம் அஸ்ஸாம். தோல் ஷாப்பு, அதான் தோல் பதனிடற எடம், ஷூ கம்பெனி, கெமிக்கல், கட்டட வேலை. முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை பணம் அனுப்ப வரிசை ரோடு வரைக்கும் நிக்கும், இப்ப ஜிபே போன்பே வந்ததுல வரிசை கொறஞ்சிடுச்சு, ஆனாலும் புதுசா வந்தவங்க, பேங்க் கணக்குல நம்பர் சேராதவங்க எல்லாம் என்கிட்டதான் வருவாங்க. எனக்கு ஹிந்தி வரும், ரியாத்துல ஆறு வருஷம் இருந்தேன், அத அப்புறம் சொல்றேன்.

செல்போன் கடைக்காரனுக்கு ஒரு ஆள பத்தி டாக்டருக்கு முன்னாடியே தெரிஞ்சிடும் சார். மிகைப்படுத்தி சொல்லல. ஒருத்தன் மாசாமாசம் பத்தாம் தேதி சம்பளம் வந்ததும் வருவான், எட்டாயிரமோ பத்தாயிரமோ அனுப்புவான், 28 நாள் பேக் போடுவான், பொண்டாட்டிக்கும் சேத்து போடுவான். திடீர்னு ஒரு மாசம் வரமாட்டான். அப்புறம் வருவான், தனக்கு மட்டும் பத்து ரூபாய்க்கு டாப்அப் கேப்பான். அப்புறம் அதுவும் இல்ல. அவன் அம்மா அவன் ரூம்மேட்டு போனுக்கு அடிப்பாங்க, அவன் "அப்புறம் பேசறேன்னு சொல்லு"ன்னு சுவத்து பக்கம் திரும்பி படுத்துக்குவான். இது ஒரு ஆள் கதை இல்ல, நான் பல பேர்கிட்ட பாத்தது.

ஆனா நான் எழுத வந்தது ஒரே ஒரு பையன பத்தி. ஜார்க்கண்ட் பையன், 24 வயசு இருக்கும். தோல் ஷாப்புல டிரம் பக்கம் வேலை, நைட் ஷிப்ட், ஓ.டி. வேற. போன வருஷம் வெயில் காலத்துல ஒரு நாள் வந்து "பையா, என் போன்ல யாரோ ஒட்டு கேக்கறாங்க, சிம்ம மாத்திக் குடு"ன்னான். நானும் சிரிச்சிட்டே மாத்திக் குடுத்தேன், யாராவது பொண்ணு விவகாரமா இருக்கும்னு நெனச்சேன். பத்து நாள்ல திரும்ப வந்தான், இந்த சிம்லயும் கேக்கறாங்களாம். வேற கம்பெனி சிம் குடுத்தேன். மூணாவது தடவ வந்தப்ப போனையே வித்துட்டு பட்டன் போன் குடுன்னான், கண்ணு ரெண்டும் செவந்து இருக்கு, சட்ட பட்டன் மாறி போட்டிருக்கான், பேசிட்டே இருக்கும்போது கடைக்கு வெளிய திரும்பி திரும்பி பாக்கறான். எனக்கு அப்பவாவது புரிஞ்சிருக்கணும். நான் இன்னா பண்ணேன்னா, பட்டன் போன் ஆயிரத்து இருநூறுன்னு பேரம் பேசினேன்.

அடுத்த வாரம் அவன் ரூம் பசங்க வந்து சொன்னாங்க, ராத்திரி எல்லாம் தூங்கறதில்ல, சாப்பாட்டுல மருந்து கலந்துட்டீங்கன்னு சண்ட போடறான்னு. ஒருத்தன் பேய் புடிச்சிருக்குன்னான், இன்னொருத்தன் கஞ்சான்னான். அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, பத்துக்கு பத்து ரூம்ல எட்டு பேர், பகல் ஷிப்ட்காரன் எழுந்த பாயில நைட் ஷிப்ட்காரன் படுக்கறான், அதுல ஒருத்தன் ராத்திரி முழுக்க கத்தினா மத்தவன் எப்படி காலைல வேலைக்கு போவான். தேக்கேதார், அதான் அவங்கள இட்டுன்னு வந்த காண்ட்ராக்டர், அவருகிட்ட சொல்லிருக்காங்க. அவரு வந்து பாத்துட்டு "இன்னாடா நடிக்கிறியா"ன்னு ரெண்டு தட்டு தட்டிட்டு, மறுநாள் கணக்கு முடிச்சி, காட்பாடிக்கு ஆட்டோ வச்சி, தன்பாத் போற வண்டில ஜெனரல் பெட்டில ஏத்தி விட்டுட்டாரு. கூட யாரும் இல்ல. கைல ஒரு பை, மூவாயிரத்து சொச்சம் ரூபா.

நான் அவரு கிட்ட கேட்டேன் சார். அவரு சொன்ன பதில் எனக்கு இன்னும் காதுல இருக்கு: "இன்னா பண்ண சொல்ற, இங்க ஏதாவது பண்ணிக்கினா கேஸ் என் தலைல வரும், அவன் ஊருக்கு போய் இன்னா வேணா பண்ணிக்கட்டும்." கெட்ட மனுஷன் கூட இல்ல அவரு, பொங்கலுக்கு பசங்களுக்கு பிரியாணி போடுவாரு. பயம். எல்லாருக்கும் பயம், வீட்டு ஓனருக்கு, சூப்பர்வைசருக்கு, கம்பெனிக்கு. அதனால எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே வைத்தியம் "ஊருக்கு அனுப்பிடு".

அவன் ஊர் போய் சேரல. அஞ்சு நாள் கழிச்சி அவன் அண்ணன் எனக்கு போன் பண்ணாரு, தம்பி பழைய போன்ல கடைசியா பேசின நம்பர் என் கடை நம்பராம். காட்பாடிலேந்து அந்த ஊருக்கு ஒன்றரை நாளுக்கு மேல ஓட்டம், தமிழ்நாடு தாண்டி ஆந்திரா தாண்டி ஒரிசா தாண்டி போகணும். நடுவுல எந்த ஸ்டேஷன்ல எறங்கினான்னு யாருக்கு தெரியும். நாங்க போட்டோ அனுப்பினோம், வாட்ஸ்அப்ல போட்டோம், 19 நாள் கழிச்சி ஆந்திராவுல ஒரு ஸ்டேஷன் வெளிய கெடச்சான். செருப்பு இல்லாம நடந்து பாதம் ரெண்டும் புண்ணு. பேர் கேட்டா சொல்லல. டீக்கடைக்காரர் ஒருத்தர் தெனமும் பன்னு குடுத்து வச்சிருந்தாரு, அந்த மனுஷன் இல்லன்னா உங்க பேப்பர் மாதிரி ஒரு தெலுங்கு பேப்பர்ல நாலு வரி வந்திருக்கும், அவ்ளோதான்.

இப்ப ரயில் விஷயத்துக்கு வர்றேன். எனக்கு தெரிஞ்ச நர்சம்மா ஒருத்தங்க இத கேட்டுட்டு தலைல அடிச்சிக்கினாங்க. மனசு கொழம்பின ஆள அன்ரிசர்வ்டு பெட்டில ஏத்தறது எரியற வீட்ல மண்ணெண்ணெய் ஊத்தற மாதிரின்னாங்க. ஏற்கனவே தூக்கம் இல்ல, பெட்டில நிக்கவே எடம் இல்ல, தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும், போனா எடம் போயிடும்னு குடிக்காம இருப்பாங்க, சாப்பாடு இல்ல, சுத்தி எல்லாரும் தன்னையே பாக்கற மாதிரி இருக்கும். நல்லா இருக்கறவனுக்கே ஒன்றரை நாள்ல தல சுத்தும். இதுல குடிக்கற ஆளா இருந்தா இன்னும் மோசம். தெனமும் குடிக்கறவன் ரயில்ல ஏறினதும் சரக்கு கெடைக்காது, ஒரு நாள் கை நடுங்கும், வேர்க்கும், ரெண்டாம் நாள் மூணாம் நாள்ல சில பேருக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்கு தெரிய ஆரம்பிக்கும், யாரோ வெட்ட வர்றாங்கன்னு பயம், எங்க இருக்கோம்னே தெரியாது, வலிப்பு கூட வரும். உயிருக்கே ஆபத்தான நோய் அது, ஆஸ்பத்திரில படுக்க வச்சி மருந்து குடுத்தா சரியாகும். அந்த ரெண்டாம் நாள் எங்க வருது பாருங்க, சரியா ஓடற வண்டிக்குள்ள, கதவு தெறந்திருக்கற பெட்டில, பாஷை தெரியாத ஸ்டேட்ல. "வடமாநில வாலிபர் ரயிலில் இருந்து குதித்தார்"னு நாம படிக்கறப்ப, அவன் சாகணும்னு குதிச்சானா, தப்பிக்கணும்னு குதிச்சானா, யாராவது கேட்டிருக்கோமா.

இதுல எனக்கு வயிறு எரியற விஷயம் ஒண்ணு இருக்கு. வேலூர் காந்தி ரோட்ல போய் பாருங்க, போர்டு எல்லாம் பெங்காலி, ஹிந்தி. மெஸ்ல ஆலு போஸ்தோ, மீன் கொழம்பு, லாட்ஜ் எல்லாம் கல்கத்தாக்காரங்க, ஜார்க்கண்ட்காரங்க, பங்களாதேஷ்காரங்க. எல்லாம் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்தவங்க. ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல தாண்டி வைத்தியம் தேடி இந்த ஊருக்கு வர்றாங்க. அதே ஜார்க்கண்ட் பையன் வேலூருக்கு முக்கா மணி நேரத்துல இருக்கற ரூம்ல நோய் வந்து கெடந்தான், அவன நாம காட்பாடில கொண்டு போய், வைத்தியம் இல்லாத பக்கமா ஏத்தி விட்டோம். சி.எம்.சி.யோட மனநல ஆஸ்பத்திரி பாகாயத்துல இருக்கு, அடுக்கம்பாறை கவர்மெண்ட் ஆஸ்பத்திரில காசில்லாமயே மனநல டாக்டர பாக்கலாம். நம்ம ஊர்ல சின்ன வயசுலேந்து "உன்ன பாகாயத்துல சேக்கணும்டா"ன்னு திட்டி திட்டி அந்த ஊர் பேரையே கெட்ட வார்த்த ஆக்கி வச்சிருக்கோம், சென்னைக்காரங்க கீழ்ப்பாக்கம்னு சொல்ற மாதிரி. அந்த பையனோட அண்ணன் சொன்னாரு, அவங்க ஊர்ல ராஞ்சி பக்கத்துல காங்கேன்னு ஒரு எடம், அதான் திட்டற வார்த்தையாம். இப்ப அங்கதான் தம்பிக்கு மாத்திரை வாங்கறாங்க.

ரியாத்த பத்தி சொல்றேன்னு சொன்னேன் இல்ல. நான் 2004லேந்து 2010 வரைக்கும் அங்க ஏ.சி. மெக்கானிக்கு ஹெல்பர். பாஸ்போர்ட் கபில் கிட்ட, அதான் நம்ம ஸ்பான்சர். ஏஜெண்டுக்கு குடுத்த காசுக்கு வட்டி இங்க ஓடிட்டு இருக்கும். வெள்ளிக்கிழமை போன் கார்டு வாங்கி வரிசைல நின்னு வீட்டுக்கு பேசுவோம், எல்லாரும் ஒரே பொய்தான் சொல்லுவோம், "நான் நல்லா இருக்கேன், சாப்டேன், நீங்க ஒடம்ப பாத்துக்கோங்க." எங்கம்மாவுக்கு நான் ரூஃப் மேல 48 டிகிரில நின்னது இன்னி வரைக்கும் தெரியாது. எங்க கேம்ப்ல வாணியம்பாடிக்காரர் ஒருத்தர் இருந்தாரு, மூணு பொண்ணு, ஊர்ல வீடு கட்ட ஆரம்பிச்சி பாதில நின்னுது. ஒரு ரம்ஜான் முடிஞ்சதும் பேசறத நிறுத்திட்டாரு. சாப்பாடு வச்சா அப்படியே இருக்கும். அங்க ஒரு மலையாளி ஃபோர்மேன், கொஞ்சம் வயசானவர், அவர்தான் ஷிப்ட் போட்டாரு, வேலைக்கு இல்ல, அந்த அண்ணன் பக்கத்துல உக்காரதுக்கு. ஒருத்தர் மாத்தி ஒருத்தர், ராத்திரி கூட. டாக்டர் கிட்ட கூட்டிட்டு போய், மருந்து போட்டு கொஞ்சம் தெளிஞ்சப்புறம், லீவுல போற ஆம்பூர்க்காரர் ஒருத்தர் கூட ஒரே பிளைட்ல டிக்கெட் போட்டு, சென்னைல அவங்க மச்சான் கைல ஒப்படைச்சாங்க. அந்த அண்ணன் இப்பவும் வாணியம்பாடில இருக்காரு, பேரப்பசங்கள ஸ்கூல்ல விடறாரு. கேம்ப்ல யாரும் பெரிய படிப்பு படிச்சவங்க இல்ல. எனக்கு இத்தன தெரிஞ்சும் என் கடைக்கு வந்த பையனுக்கு நான் அத பண்ணல பாருங்க. அங்க நான் வெளியூர்க்காரன், இங்க நான் உள்ளூர்க்காரன், அவ்ளோதான் வித்தியாசம்.

ஏன் இந்த பசங்களுக்கு மனசு இப்படி ஆகுதுன்னா ஒரு காரணம் சொல்ல முடியாது. ஊர்ல வாங்கின அட்வான்ஸ், தங்கச்சி கல்யாணம், மாசக்கணக்கா நைட் ஷிப்ட், தோல் நாத்தம், பேச ஆள் இல்லாதது. யாரும் வந்து மனசு சரியில்லன்னு சொல்லமாட்டான். மெடிக்கல் ஷாப்புல போய் தலவலி, கேஸ், இடுப்பு வலின்னு மாத்திரை வாங்குவான். ரொம்ப கேட்டா "டென்ஷன் ஹை பையா"ன்னு ஒத்த வார்த்த. மீதிய டாஸ்மாக் பாத்துக்கும்.

பயமும் இருக்கு. 2015 ஜனவரி கடைசில இதே சிப்காட்ல கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தோட தொட்டி சுவர் ராத்திரில ஒடஞ்சு, சேறு பக்கத்துல பாஞ்சு, தூங்கிட்டிருந்த 10 பேர் செத்தாங்களே, ஞாபகம் இருக்கா. பெரும்பாலும் பெங்கால் பசங்க. அது பெரிய செய்தி, எல்லா பேப்பர்லயும் வந்துது. அந்த பொணங்கள ஊருக்கு அனுப்பினதும் கதை முடிஞ்சிது. ஆனா அவங்களோட ஊர்க்கார பசங்க ரெண்டு மூணு பேர் அதுக்கப்புறம் ரொம்ப நாள் ராத்திரி ரூமுக்கு போகாம நான் ஷட்டர் எறக்கற வரைக்கும் கடை வாசல்ல உக்காந்திருப்பாங்க. கரண்ட் போனா திடுக்குனு எழுந்திருப்பாங்க. அது ஒரு நோய்னு எனக்கு அப்ப தெரியாது, யாரும் வந்து அவங்கள கேட்டதும் இல்ல. 2020ல ஊரடங்கு, கைல காசில்லாம ரூம்ல அடைஞ்சி கெடந்தாங்க, மே மாசம் காட்பாடிலேந்து ஜார்க்கண்டுக்கு ஸ்பெஷல் ரயில் விட்டப்ப எனக்கே அப்பாடான்னு இருந்துது. அப்புறம் 2023 மார்ச்சுல அந்த பொய் வீடியோ கூத்து, தமிழ்நாட்ல பீகாரிங்கள அடிச்சி கொல்றாங்கன்னு எங்கயோ நடந்த வீடியோவ எல்லாம் போட்டு சுத்த விட்டாங்களே. போலீஸ் அது பொய்னு சொல்லிடுச்சு, ஆனா என் கடைல நின்னவன் போன்ல அவன் அம்மா அழுதுட்டு இருந்தாங்க, "இன்னிக்கே கெளம்பி வா". அந்த ஒரு வாரம் பசங்க டீக்கடைல கூட ஹிந்தில பேச பயந்தாங்க. நமக்கு அது ஒரு வார நியூஸ்.

சரி, இப்ப இன்னா பண்ணலாம்னு கேப்பீங்க. பெருசா திட்டம் எல்லாம் எனக்கு தெரியாது. எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

14416ன்னு ஒரு நம்பர் இருக்கு, டெலி மானஸ், மனசு சரியில்லன்னா போன் பண்ணி பேசறதுக்கு கவர்மெண்ட் நடத்தறது. 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, காசு கெடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ் மட்டும் இல்ல, ஹிந்தி, பெங்காலி, ஒடியாவுல கூட பேசலாம். என் கடைக்கு வர்ற பசங்கள்ல இந்த நம்பர் தெரிஞ்சவன் ஒருத்தன் கூட இல்ல. தெனமும் ஜிபி கணக்குல டேட்டா தீக்கறவனுக்கு ஓசி நம்பர் ஒண்ணு தெரியல, அத சொல்ல நமக்கும் தோணல.

அப்புறம் சட்டம். 2017 மனநல பராமரிப்பு சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுல 100வது பிரிவு. மனநோயோட தெருவுல சுத்தற ஆள் இருந்தா அந்த ஏரியா ஸ்டேஷன் போலீஸ் அவர பாதுகாப்புல எடுத்து, 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்து அரசு ஆஸ்பத்திரில காட்டணும், லாக்கப்புல வைக்கக் கூடாது, வீடு வாசல் தெரியாத ஆளா இருந்தா காணாம போனவர்னு எஃப்.ஐ.ஆர். போட்டு குடும்பத்த தேடணும். அது அவங்க கடமை. வக்கீல் ஒருத்தர் என் கடைக்கு ரீசார்ஜுக்கு வருவாரு, அவரு சொல்லித்தான் எனக்கு தெரியும். காட்பாடி பஸ் ஸ்டாப்புல, வாலாஜா ரோடு ஸ்டேஷன் பக்கம், ஹைவே ஓரத்துல அழுக்கு பிடிச்சி, முடி சடை விழுந்து நடக்கறவங்கள நாம பாக்கறோம் இல்ல, அவங்கள்ல எத்தன பேர் நம்மள மாதிரி ஒரு ஊர் யாரையோ ஏத்தி விட்டதுல நடுவுல எறங்கினவங்களோ. நம்ம பசங்களும் மும்பை பக்கம், நாக்பூர் பக்கம் இப்படித்தான் சுத்திட்டு இருப்பாங்க. மகாராஷ்டிரால கர்ஜத்ல பரத் வட்வானின்னு ஒரு டாக்டர், ரோட்ல சுத்தற இந்த மாதிரி ஆளுங்கள வைத்தியம் பாத்து சொந்த ஊர்ல கொண்டு போய் விடறதையே வேலையா வச்சிருக்காரு, 2018ல மகசேசே விருது குடுத்தாங்க.

காண்ட்ராக்டர் அண்ணங்களுக்கு ஒண்ணு. உங்க ஆளுக்கு இ.எஸ்.ஐ., அதான் தொழிலாளர் காப்பீடு, புடிக்கறீங்கன்னா அந்த கார்டு காய்ச்சலுக்கு மட்டும் இல்ல. நாள்பட்ட நோய்க்கு ரொம்ப நாள் லீவு சம்பளம் குடுக்கற பட்டியல்ல தீவிர மனநோயும் இருக்கு. ரெண்டு வருஷம் சர்வீஸ் வேணும், வேற கண்டிஷனும் உண்டு, ஆனா கேட்டு பாக்கலாம் இல்ல. கார்டே போடாம ஆள் வச்சிருக்கறவங்க கிட்ட நான் இன்னா பேசறது.

பாஷைதான் பிரச்சனன்னு டாக்டருங்க சொன்னா அதுக்கும் வழி நம்ம கிட்டயே இருக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுல வீட்ல உருது பேசறவங்க இத்தன பேர் இருக்கோமே, மிலிட்டரில இருந்து வந்த கம்மவான்பேட்டைக்காரங்க இருக்காங்க, என்ன மாதிரி கல்ஃப் ரிட்டர்ன் தெருவுக்கு ரெண்டு பேர். ஓ.பி. நாள்ல ஒரு ஆள் கூட போய் உக்காந்து "இவன் இன்னா சொல்றான்னா"ன்னு ரெண்டு வார்த்த மாத்தி சொல்ல முடியாதா. நான் இதுவரைக்கும் மூணு பேர அப்படி கூட்டிட்டு போயிருக்கேன். ஒருத்தனுக்கு ஆறு வாரம் மாத்திரை, இப்ப வேலைக்கு போறான், என்கிட்ட இயர்போன்ல அம்பது ரூபா கடன் வச்சிருக்கான்.

ஊருக்குத்தான் அனுப்பியாகணும்னா, மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, கொஞ்சம் தெளியட்டும், வீட்டுக்கு போன் போட்டு அண்ணனையோ மாமனையோ வரச் சொல்லுங்க, இல்ல அதே ஊர் பையன் ஒருத்தனுக்கு நாலு நாள் லீவும் டிக்கெட்டும் குடுத்து கூட அனுப்புங்க. ரெண்டு டிக்கெட் காசு ஒரு டிரம் கெமிக்கல் வெலை வராது.

ஆசிரியர் சார், உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அந்த நாலு வரி செய்தி வரும்போது அடில அந்த 14416 நம்பர ஒரு வரி போடுங்க. பசங்க தமிழ் படிக்க மாட்டாங்கன்னு தெரியும், ஆனா அவங்க ஓனருங்க, மேஸ்திரிங்க படிப்பாங்க. நான் ஹிந்திலயும் பெங்காலிலயும் அந்த நம்பர ஸ்டிக்கர் அடிச்சி என் கடை கண்ணாடில ஒட்டியிருக்கேன், 200 அடிச்சதுல 60 மிச்சம் இருக்கு. ரூம் வாடகைக்கு விடறவங்க, மெஸ் நடத்தறவங்க, ஆட்டோக்காரங்க யாருக்கு வேணும்னாலும் வந்து வாங்கிக்கலாம், காசு வேணாம். ஞாயித்துக்கிழம மட்டும் வராதீங்க, அன்னிக்கு கூட்டமா இருக்கும்.

இப்படிக்கு,
உங்க வாசகன்,
செல்போன் கடைக்காரன்,
சிப்காட், ராணிப்பேட்டை.